போ.வ.மா. பட்டன்

ஜூன் 24, செவ்வாய்

காலையிலேயே தனுஷ்கோடி அண்ணாச்சி சிவகாசியிலிருந்து கூப்பிட்டார். காலண்டர் அச்சகத்துக்காரர். அவருடைய ஆர்டர் வேலைகளுக்கென்று தனியாக ஒரு சாஃப்ட்வேர் செய்து தருவதாக நாங்கள் ஒப்புக்கொண்டு பதினோரு மாதம் ஆகிறது. கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"ஆடிப் பதினெட்டுக்கு, வர்ற வருசக் காலண்டர் மாதிரியெல்லாம் சேத்துப் புது ஆல்பம் போடுதோம்மா. அன்னைக்கு ஊர் ஊரா ஏஜென்ட்டுக வந்து நிப்பாங்க. அதுக்குள்ள உங்களுதுல ஆர்டர் போட முடிஞ்சா போடுவோம். இல்லன்னா விட்டுருவோம். எனக்கு நோட்டு இருக்கு."

அரை மணி நேரத்தில் சென்னையிலிருந்து ராகவேந்தர். எங்கள் கம்பெனியின் கிளைகளையெல்லாம் பார்த்துக்கொள்பவர், என்னைவிட ஆறு வயது சின்னவர். இந்த வேலையும் கைவிட்டுப் போனால் ஆகஸ்டோடு நான் பார்த்துக்கொள்கிற மதுரை ஆபீஸை மூடிவிடுவார்களாம். ஒன்பது பேர். வருகிறவர்கள் சென்னைக்கு வரலாமாம். இருளப்பனின் அம்மா படுக்கையில் இருக்கிறார். நஸ்ரினுக்குக் கைக்குழந்தை. யார் வருவார்கள்?

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஜூன் 25

தலைவலி. ரசம் மட்டும் வைத்தேன்.

ஜூன் 26, வியாழன்

பதினோரு மாதம் எங்கே போனது என்று மெயில்களைத் திறந்துவைத்துத் தேதி தேதியாக எழுதிப் பார்த்தேன். ஓர் ஏஜென்டுக்கு இரண்டு விலாசம் இருக்கலாமா என்று அக்டோபர் 3-ம் தேதி கேட்டிருக்கிறோம். இருக்கலாம் என்று நவம்பர் 5-ம் தேதி பதில் வந்திருக்கிறது. அதைச் செய்ய இருளப்பனுக்கு ஆனது இரண்டு மணி நேரம். செய்ததைப் பரிசோதிக்கச் சென்னைக்கு அனுப்பி, அங்கே பதினெட்டு நாள் கிடந்திருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் வேலை செய்தது நாற்பத்தேழு நாள். மிச்சமெல்லாம் யாரோ யாருக்கோ காத்துக்கொண்டு இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நாங்கள் சோம்பேறிகள் என்று இத்தனை நாள் நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னென்ன வேண்டும் என்று ஆரம்பத்தில் எழுதிய நூற்று நாற்பது பக்க ஆவணம் ஒன்று இருக்கிறது. அதிலேயே பாதிச் சந்தேகம் ஆரம்பிக்கிறது. அதை யார் எழுதினார்கள் என்பது இப்போது முக்கியமில்லை.

ஜூன் 28, சனி

முடிவு செய்துவிட்டேன். நான், இருளப்பன், நஸ்ரின் மூன்று பேரும் தினமும் சிவகாசிக்கே போய், அச்சகத்திலேயே உட்கார்ந்து வேலை செய்யப் போகிறோம். சந்தேகம் வந்தால் திரும்பிக் கேட்டுக்கொள்ளலாம்.

இருளப்பன், "அங்க ஏசி இருக்கா மேடம்?" என்றான். இருக்காது என்றேன். "சரி, நெட்டாவது இருக்கா?" பார்க்கலாம் என்றேன். நஸ்ரின் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருவதாக மட்டும் சொன்னாள்.

ஜூலை 1, செவ்வாய்

மாட்டுத்தாவணியில் ஏழு இருபது பஸ். எங்களுக்குக் காகித குடோனில் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். அடுத்த அறையில் காலண்டருக்குத் தகரம் அடிக்கிறார்கள். டக், டக், டக். மத்தியானத்துக்குள் பழகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆர்டர் மேஜையில் சண்முகக்கனி அக்கா. இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. ஆல்பத்துக்குக் காத்திராமல் முன்கூட்டியே சொல்லிவிடுகிற ஏஜென்டுகளின் போன் வந்துகொண்டே இருக்கிறது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போன், கையில் பேனா, நீள நோட்டு. ஓர் ஆர்டருக்கு அரை நிமிடம். எங்கள் சாஃப்ட்வேரில் ஒன்பது திரை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதே ஆர்டரை அதில் போட்டுப் பார்த்தேன். பதினோரு நிமிடம். அதற்குள் அந்தம்மா இருபது ஆர்டர் எழுதிவிட்டு டீயும் குடித்துவிட்டார்.

"இதெல்லாம் எனக்கு ஒத்துவராதும்மா" என்றார்.

எனக்கும்தான் ஒத்துவரவில்லை.

ஜூலை 3, வியாழன்

ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். தினமும் நாலு மணிக்குள் ஏதாவது ஒன்று, எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, அக்காவின் மேஜையில் ஓட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் மறுநாள் காலையில் எடுத்துவிட வேண்டும். அதற்கு மீட்டிங் கிடையாது.

இன்று வைத்தது: போன் அடித்தால் திரையில் ஏஜென்டின் பெயரும் ஊரும் வரும். அவ்வளவுதான். மூன்று ஐம்பதுக்கு வைத்தோம். அக்கா முதலில் கண்டுகொள்ளவே இல்லை. நாலு மணிக்கு மேல் ஒரு போன் வந்தபோது திரையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "சொல்லுங்க அருப்புக்கோட்டை" என்றார். அந்தப் பக்கத்தில் இருந்தவர் அசந்துபோனது எங்களுக்கே கேட்டது.

பதினோரு மாதத்தில் நாங்கள் செய்த ஒன்றை ஒருவர் பயன்படுத்துவதை இன்றுதான் பார்க்கிறேன். பஸ்ஸில் வரும்போது மூன்று பேருக்கும் சூடான கடலை வாங்கினேன்.

ஜூலை 5

இன்று வைத்தது பிடிக்கவில்லை. திங்களன்று எடுத்துவிடுவோம்.

ஜூலை 8, செவ்வாய்

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

போன வருட ஆர்டர் நோட்டுகள் மொத்தத்தையும் நஸ்ரின் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்தாள். மூவாயிரத்து நூற்று நாற்பது ஆர்டர். எந்தப் படம் அதிகம் போகிறது என்று கணக்கெடுத்தோம். பாலமுருகன் இருநூற்றுச் சொச்சம். லட்சுமி நூற்றெண்பது. முதலிடம், யாரும் கிட்டவே நெருங்க முடியாதபடி, இரண்டாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு ஆர்டரோடு, போவமா.

நானே அண்ணாச்சியின் அறைக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னேன். "உங்க காலண்டர்ல மூணுல ரெண்டு போவமா படம்தான் அண்ணாச்சி. இந்த வருசம் அதைக் கூடுதலா அடிச்சு வச்சுக்கலாம்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "போவமாவா? அது எந்த ஊரு அம்மன்?"

நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். படம் என்ற கட்டத்தில் அக்காவின் கையெழுத்தில் தெளிவாக இருந்தது, போவமா, போவமா, போவமா. அண்ணாச்சி நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்து, "எம்மா சண்முகக்கனி, இங்க வந்துட்டுப் போ" என்றார்.

அக்கா வந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் தகரம் அடிக்கிறவர்கள் கூட மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். "போன வருசம் மாதிரிம்மா. போ, வ, மா. எல்லாரும் அதைத்தான சொல்லுதாங்க. அம்புட்டையும் எழுத எங்க நேரம் இருக்கு."

யாரோ நஸ்ரினிடம் அது ஒரு அம்மன் படத்தின் பெயராகத்தான் இருக்கும் என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறார்கள். அவள் பாவம், அப்படியே ஏற்றிவிட்டாள். அண்ணாச்சியின் முன்னால் அவள் வாயைத் திறக்கவில்லை. நல்ல பெண்.

ஜூலை 9, புதன்

பஸ் விருதுநகர் தாண்டும்போது உறைத்தது. மூன்றில் இரண்டு பேர் "போன வருசம் மாதிரி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அவர்களையும் ஒன்பது திரையில் நடக்கவிட்டது நாங்கள். பட்டனை அமுக்கினால் போன வருடத்து ஆர்டர் அப்படியே வர வேண்டும். மாறியதை மட்டும் மாற்ற வேண்டும். அவ்வளவுதானே.

இருளப்பனிடம் சொன்னேன்.

"ஒன்பது திரையும் போச்சா மேடம்? நாலு மாசமா விட்டு விட்டு எழுதுனது."

"தெரியும் இருளப்பா."

"நல்லா எழுதியிருந்தேன்."

"அதுவும் தெரியும்."

திருத்தங்கல் வந்ததும் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டான். இவனைச் சென்னைக்குப் போ என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

ஜூலை 11, வெள்ளி

பட்டன் வந்துவிட்டது. படம் எது என்பது மட்டும் இப்போதைக்கு அக்காவின் ஞாபகத்திலிருந்துதான். அதன் மேல் 'மறு ஆர்டர்' என்று போட்டிருந்தோம். "இது என்ன, என்னமோ கோர்ட்டு நோட்டீசு மாதிரி இருக்கு. போ.வ.மா.ன்னே போடுங்க" என்றார் அக்கா. போட்டோம்.

மூன்று நாற்பத்தைந்துக்குக் கமுதியிலிருந்து ஒரு போன். அக்கா பேனாவை எடுத்தார், வைத்தார், பட்டனை அமுக்கினார். பன்னிரண்டு வினாடி. நான் என் போனில் அளந்தேன். நோட்டைவிட வேகம்.

அக்கா "ம்" என்றார். இருபத்தாறு வருட நாற்காலியிலிருந்து வந்த "ம்". இதற்குமேல் எனக்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

ஜூலை 14, திங்கள்

ராகவேந்தர். ஒப்புக்கொண்ட ஒன்பது திரையை மாற்றியதற்கு நாலு பேர் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டுமாம். சென்னை டீம் பரிசோதிக்க மூன்று வாரம் வேண்டுமாம்.

"தினமும் சண்முகக்கனி அக்கா பரிசோதிக்கிறாங்க" என்றேன்.

"அது டெஸ்டிங் இல்ல மங்கை. அது ஒரு அம்மா உக்காந்து டைப் பண்றது."

"அந்த அம்மாவுக்குத்தான் செய்யறோம்."

"ஏதாவது தப்பா அச்சாச்சுன்னா?"

"என் பொறுப்பு."

"மெயில்ல எழுதிக் கொடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். இரண்டே வரி. அனுப்பிவிட்டுப் பார்த்தால் மங்கையர்க்கரசி என்ற என் பெயரிலேயே ஓர் எழுத்தை விட்டிருக்கிறேன். அவ்வளவு கோபம்.

ஜூலை 16

அக்கா கம்ப்யூட்டர் திரையை உயரமாக வைக்க எதையோ அடியில் கொடுத்திருந்தார். பார்த்தால் அந்த நூற்று நாற்பது பக்கம். "நல்ல கனமா இருக்கும்மா. யாரு எழுதுனது?" என்றார். சென்னையில யாரோ என்றேன்.

ஜூலை 17, வியாழன்

என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்த மூன்றாவது நாளே வந்தது.

விளாத்திகுளத்து ஜவுளிக்கடை ஒன்று. போ.வ.மா. அமுக்கினோம். அச்சுக்கு முன் பார்க்கிற புரூஃப் தானாக வந்தது. கடைப் பெயர், போன் நம்பர், கீழே 'புத்தாண்டு வாழ்த்துகளுடன், மகாராஜன்'. நான் இதை அனுப்பிவிடலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"அனுப்பிராதீங்க. இவரு போன ஐப்பசியில செத்துப் போயிட்டாரு."

ஆடியில் ஆர்டர் சொன்னபோது மனிதர் உயிரோடு இருந்திருக்கிறார். நோட்டில் அவர் பெயர் இருக்கிறது. ஐப்பசியில் இறந்ததும் மகன் நேரே அச்சு மெஷின்காரருக்கே போன் போட்டு மாற்றச் சொல்லியிருக்கிறார். மெஷினில் மாற்றியதை யாரும் நோட்டில் எழுதவில்லை. இப்படி எத்தனை இருக்கும் என்று கேட்டேன். "வருசத்துக்கு ஒரு நானூறு ஐநூறு பேராச்சும் கடைசியில மாத்துவாங்க. எனக்கு ஞாபகம் இருக்கும். உங்க பட்டனுக்கு எப்படித் தெரியும்?"

மகன் அந்தப் புரூஃபைப் பார்த்திருந்தால்? நோட்டில் இருப்பது போன வருடம் சொன்னது. அச்சானது வேறு. பதினேழு நாள்தான் மிச்சம்.

"அப்ப அச்சானது எங்கக்கா இருக்கு?"

"மாடியில தொங்குது."

மேலே கூட்டிப்போனார். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அச்சடித்ததில் ஒன்று, ஊர்வாரியாக, ஆணியில் கயிறு கட்டித் தொங்குகிறது. மூவாயிரத்து நூற்று நாற்பது காலண்டர். இத்தனை நாள் எங்கள் தலைக்கு மேலேயே.

ஜூலை 18, வெள்ளி

எல்லாவற்றையும் படம் எடுத்து ஆர்டரோடு சேர்க்க வேண்டும். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஐம்பத்திரண்டு மணி நேரம். நாங்கள் மூன்று பேர். அச்சகத்து ஆட்களைக் கேட்க முடியாது, அவர்களுக்கே கை ஓயவில்லை. சென்னையில் கேட்டால் படிவம் வரும்.

இரண்டு தோசையில் எழுந்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று நடந்ததை முழுதாக எழுதியே ஆக வேண்டும்.

ஞாயிறு என்பதால் நான் மட்டும் தனியாகப் போய் முடிந்த அளவு எடுக்கலாம் என்று கிளம்பினேன். அச்சகத்து வாசலில் ஒரு வேன் நின்றது. அதிலிருந்து இருளப்பன் இறங்கினான், நஸ்ரின் இறங்கினாள், பின்னாலேயே மதுரை ஆபீஸில் மிச்சமிருக்கும் ஆறு பேரும் இறங்கினார்கள். நஸ்ரினின் கணவர் வேறு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு.

"யார் வரச் சொன்னா?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

நஸ்ரின் சொன்னாள்: "ஆபீஸை மூடப் போறாங்கன்னு எங்களுக்குப் போன மாசமே தெரியும் மேடம். நீங்க சொல்லல, நாங்களும் கேக்கல. சொல்லுங்க, எங்கேருந்து ஆரம்பிக்கணும்?"

அருப்புக்கோட்டையிலிருந்து ஆரம்பித்தோம். ஒருவர் ஆணியிலிருந்து எடுக்க, ஒருவர் படம் எடுக்க, ஒருவர் நம்பரைப் போட்டுத் திரும்ப மாட்ட. மூன்று குழு. பத்து மணிக்குள் போட்டி ஆகிவிட்டது. ராமநாதபுரத்தை முடித்தவர்கள் தூத்துக்குடிக்காரர்களை நக்கலடிக்க ஆரம்பித்தார்கள். மத்தியானம் அக்கா ஒரு அண்டா எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வந்தார், ஞாயிற்றுக்கிழமை லீவை விட்டுவிட்டு. நாலே காலுக்குக் கடைசிக் காலண்டர், வத்திராயிருப்பு மருந்துக்கடை. இருளப்பன் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். மாடியே அதிர்கிற மாதிரி எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இவர்களை விட்டுக்கொடுக்க மாட்டேன். எழுதி வைக்கிறேன்.

ஜூலை 23, புதன்

இப்போது போ.வ.மா. அமுக்கினால் அச்சான காலண்டரின் படமே ஏஜென்டின் வாட்ஸ்அப்புக்குப் போகிறது. சரி என்று பதில் வந்தால் அச்சுக்கு. முன்பு புரூஃப் பஸ் பார்சலில் போய்க் கையெழுத்தோடு திரும்ப ஆறு நாள். இன்று தேவகோட்டை ஏஜென்ட் நாலு நிமிடத்தில் சரி சொன்னார். சொல்லிவிட்டு, சந்தேகம் வந்து திரும்பக் கூப்பிட்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

ஜூலை 28

அக்காவிடம் சொல்லிவிட்டேன். நூற்று நாற்பது பக்கமும் எழுதினது நான்தான், போவமா அம்மன் என்று நஸ்ரினிடம் சொன்னதும் நான்தான்.

"ரெண்டும் தெரியும்மா. புஸ்தகத்துல மொதப் பக்கத்துலயே உங்க பேரு போட்டிருக்கு. அந்தப் பிள்ளை உங்களைப் பாத்து முழிச்ச முழியிலயே இன்னொண்ணும் தெரிஞ்சிருச்சு" என்றார். மாத்திரை போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த போனை எடுத்தார்.

ஆகஸ்ட் 1

இன்று வைத்ததை அக்கா எடுக்கச் சொல்லவில்லை. நேற்று வைத்ததையும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

ஆறு மணிக்கே பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. அக்கா எங்கள் கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வைத்தார். எட்டு மணிக்கு அண்ணாச்சி ஆல்பத்தைத் திறந்தார். வாசலில் கால் வைக்க இடமில்லை. போன வருடம் இதே நாளில் ஒவ்வொருவருக்கும் பழைய காலண்டரை மாடியிலிருந்து எடுத்துவந்து காட்டி, சாயங்காலம் வரை முந்நூறு ஆர்டர்தான் எழுத முடிந்ததாம், பாதிப் பேர் அலுத்துப்போய்த் திரும்பினார்களாம். இன்று பதினொன்றரைக்கு நானூற்று எண்பது. அக்காவுக்குப் பக்கத்து மேஜையில் நஸ்ரினும் உட்கார்ந்து ஆர்டர் போட்டாள். வந்தவர்கள் ஆர்டர் சொல்லிவிட்டுக் காப்பி குடிப்பதற்குள் போனில் அவர்கள் காலண்டர் வந்து நின்றது.

பன்னிரண்டு மணிக்கு ராகவேந்தர் வந்து சேர்ந்தார், சென்னையிலிருந்து காரில். கையில் பூங்கொத்து, சிவப்பு ரிப்பன், ஒரு கத்தரிக்கோல். கூட்டத்தை விலக்கி அண்ணாச்சியிடம் போய்க் கை கூப்பினார்.

"எத்தனை மணிக்கு ஆரம்பிக்கலாம் சார்?"

"எதைத் தம்பி?"

"சாஃப்ட்வேரை."

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அது ஒரு மாசமா ஓடிக்கிட்டுல்ல இருக்கு."

ராகவேந்தர் ரிப்பனைப் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் வந்த சந்தோஷத்தை இங்கே மறைக்கப் போவதில்லை. குதிக்க வேண்டும் போல இருந்தது.

அண்ணாச்சி விடவில்லை. "என் மச்சினமாரு மூணு பேரு. ஒருத்தன் அட்டப்பெட்டி, ஒருத்தன் நோட்டுப் புக்கு, ஒருத்தன் லேபிள். மூணு பேரும் எங்களுக்கும் செஞ்சு தரச் சொல்லுங்கன்னு நிக்கானுக. ஆனா இதே மாதிரி ஆளு வந்து கூடவே உக்காரணும்."

"சென்னைல எங்களுக்குப் பெரிய டீமே இருக்கு சார்."

"சென்னையில இருந்து தெனம் எவன் வந்து உக்காருவான்? மதுரைன்னா காலைல பஸ் ஏறுனா ஒம்பதரைக்கு இங்க இருக்கலாம்."

ராகவேந்தர் என் பக்கம் திரும்பினார். கொஞ்சம் வேர்த்திருந்தது. "மதுரையை மூட வேண்டாம்னு நாளைக்கு எழுதிடறேன் மங்கை."

"இப்பவே எழுதுங்க" என்றேன்.

காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து போனில் எழுதினார். அனுப்பும்வரை நான் நகரவில்லை. அனுப்பியது என் போனிலும் வந்தபிறகுதான் குடோனுக்குள் போனேன். போய் அழுதேன். நன்றாகவே அழுதேன். நஸ்ரின் கதவருகே நின்று யாரையும் உள்ளே விடவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக் கணக்கு: தொள்ளாயிரத்துப் பதினாறு.

ஆகஸ்ட் 4, திங்கள்

மதுரை. ஆபீஸ் படிக்கட்டில் கட்டட உரிமையாளர் வெள்ளிக்கிழமையே 'வாடகைக்கு' என்று ஒரு போர்டு அடித்து வைத்திருக்கிறார். காலையில் முதல் வேலையாக அதைக் கழற்றினோம். நாலே நாலு ஸ்க்ரூ. ஒரு ஆள் போதும். ஒன்பது பேரும் நின்று கழற்றினோம்.